நம்ம ஊர்ப் பின்னணியில் பிரிந்து சேரும் கதைகள்: அவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்?

14 ஜூன் 2025, இரவு 10.40

நேராகவே கேட்டுவிடுகிறேன். திருநெல்வேலி, அம்பை, தென்காசி பக்கம் நடப்பதாக எழுதப்படும் ‘செகண்ட் சான்ஸ்’ காதல் நாவல்களில் ஹீரோவும் ஹீரோயினும் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்?

இந்த ஆறு மாதத்தில் போனிலேயே முப்பது கதையாவது படித்திருப்பேன். எல்லாம் ஒரே அச்சு. யாரோ கோள் சொல்லி இரண்டு பேரும் பிரிகிறார்கள். அவள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறாள். பத்து வருஷம் கழித்து, பாட்டி வீட்டை விற்கவோ தங்கச்சி கல்யாணத்துக்கோ ஊருக்கு வருகிறாள். ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே அவன். அப்புறம் மழை. மழைக்கு ஒதுங்க ஒரு கல்மண்டபம். மண்டபத்தில் ஈ, காக்கா கிடையாது. இரண்டு எபிக்கு (அதாவது இரண்டு அத்தியாயத்துக்கு) அங்கேயே நின்று பேசி, அழுது, சமாதானமாகி வெளியே வருகிறார்கள்.

எந்த மண்டபம் அது? நான் பிறந்தது வீரவநல்லூர், வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டை. ஐம்பது வயதாகிறது. ஆளில்லாத மண்டபத்தை இதுவரை பார்த்ததில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஆடாவது படுத்திருக்கும். ஆடு இருந்தால் ஆட்டுக்காரர் இருப்பார். ஆட்டுக்காரருக்கு உங்கள் பெரியப்பாவைத் தெரிந்திருக்கும்.

சும்மா வம்புக்குக் கேட்கவில்லை. நானும் ஒரு கதை எழுத ஆரம்பித்து ஆறாவது எபியில் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டியாச்சு. ஒருகாலத்தில் புருஷன் பெண்டாட்டி. அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் மூன்று வாரமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூன், இரவு 11.20

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஜூலை மாதம் பாளை மார்க்கெட்டில் ஹீரோயின் தொப்பலாக நனைகிறாள். ஜூலையில் பாளையில் என்ன மழை? காற்றுதான் அடிக்கும். கண்ணில் மண் விழும், கொடியில் போட்ட சேலை அடுத்த தெருவுக்குப் போகும். தென்மேற்குப் பருவத்தின் சாரல் ஆரியங்காவு கணவாய் வழியாக வந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசியை நனைக்கும். எங்கள் பக்கம் வருவதற்குள் வெறும் காற்றாகிவிடும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். காதலர்களை நனைக்கணும் என்றால் நவம்பரில் நனையுங்கள்.

16 ஜூன், காலை 7.05

நிறைய பேர் இடம் சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

குறுக்குத்துறை படித்துறை. நல்ல இடம்தான். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில், வெள்ளம் பெருகினால் கோயிலே முழுகிவிடும். ஆனால் காலையில் குளிக்கிறவர்கள், சாயங்காலம் நடைப்பயிற்சிக்காரர்கள், நடுவில் திதி கொடுக்கிறவர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். திதி கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து காதலைச் சொல்வதா?

கொக்கிரகுளத்தில் உள்ள அறிவியல் மையம். அது காலேஜ் பிள்ளைகளுக்கு. நாற்பத்திரண்டு வயதுக்காரி அங்கே போய் உட்கார்ந்தால் வாத்தியாரம்மா என்று நினைத்து சின்னப் பிள்ளைகள் பாத்ரூம் எங்கே என்று கேட்கும்.

வ.உ.சி. மைதானம். எதிர்வீட்டு மாமா தினமும் ஆறு ரவுண்டு நடக்கிறார். தள்ளுபடி.

சுலோசன முதலியார் பாலம். பாலத்தில் நின்று பேச வேண்டும் என்றால் லாரி ஹாரனுக்கு மேலே கத்திப் பேச வேண்டும். ஒரு கதையில் ஹீரோ அந்தப் பாலத்தில் நின்று, “சுலோசனா மேல இருந்த காதலுக்காக முதலியார் கட்டின பாலம்” என்கிறான். படித்துவிட்டு மோரைப் புரையேற்றிக்கொண்டேன். சுலோசன முதலியார் என்பது ஒரே ஆள், ஆம்பிளை. சொந்தப் பணத்தில் கட்டி 1843இல் திறந்த பாலம் அது. கீழே எழுபத்திரண்டு பேர் ‘வாவ்’ போட்டிருந்தார்கள்.

இருட்டுக்கடை வாசலில் சந்திக்கலாம் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறது. காலை பத்து மணிக்காம். கடை சாயங்காலம்தான் திறக்கும், தம்பி.

16 ஜூன், இரவு 9.50

என் வேலை என்ன என்று கேட்டவருக்கு: பாளையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ். இருபத்திரண்டு வருஷமாகிறது. ஆரம்பத்தில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர்.

அதனால்தான் இன்னொரு விஷயத்திலும் எரிச்சல் வருகிறது. முக்கால்வாசிக் கதைகளில், கணவன் தபாலில் ‘டைவர்ஸ் பேப்பர்’ அனுப்புகிறான், அவள் கண்ணீர் சொட்டச் சொட்டக் கையெழுத்துப் போடுகிறாள், கதை முடிந்தது. பத்து வருஷம் கழித்து, “நான் அதைத் தாக்கல் செய்யவே இல்லை, நீ இன்னும் என் பொண்டாட்டிதான்” என்று பீரோவிலிருந்து எடுத்துக் காட்டுகிறான். எங்கேயோ வெளிநாட்டுக் கதையிலிருந்து இறங்கின பேப்பர் அது. இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் என்பது பிரிவு 13பி. 1976இல் சேர்த்தது. ஒரு வருஷமாவது தனித்தனியாக இருந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட வேண்டும், ஆறு மாதம் பொறுத்து இரண்டு பேரும் திரும்ப வந்து “ஆமாம், வேண்டாம்தான்” என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் தபாலில் அனுப்பி ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் அது வெறும் காகிதம். ஜெராக்ஸ் எடுக்க இரண்டு ரூபாய் கூட வாங்கமாட்டேன்.

17 ஜூன், காலை 6.30

வக்கீல் தம்பி திருத்தியிருக்கிறார். சரிதான், ஆறு மாதம் கட்டாயம் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றம், சூழ்நிலையைப் பார்த்து அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொல்லிவிட்டது. தெரியாமல் விடவில்லை. தள்ளுபடி கேட்டுப் போடுகிற மனுவையும் நான்தான் அடிக்கிறேன். நேற்று எழுதின அவசரத்தில் விட்டுப்போச்சு.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு லட்டு மாதிரி. தீர்ப்பு வருகிற வரைக்கும் இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் மனசு மாறி, சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். 1991லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது தடவை ஜட்ஜ் முன்னால் நின்றுகொண்டு, “எனக்கு இதில் சம்மதம் இல்லை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மண்டபமும் மழையும் செய்யாத காரியத்தை இந்த ஒரு வாக்கியம் செய்யும். இதை ஏன் ஒருத்தரும் எழுதுவதில்லை?

22 ஜூன், மாலை 4.15

ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைப் பார்க்க வீரவநல்லூர் போகிற ரயிலில் இருந்து எழுதுகிறேன்.

“ரயிலில் சந்திக்க வையுங்கள் சிஸ், செங்கோட்டை பாசஞ்சர் ரொம்ப ரொமான்டிக்” என்று யாரோ போட்டிருந்தீர்கள். மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் கொஞ்சம் அப்படித்தான். பெட்டி சின்னது, எதிர் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். தென்காசி வரை அகலப்பாதை வந்து சேர்ந்தது 2012இல். இப்போது இடம் தாராளம், கூட்டமும் தாராளம். டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தெரிந்த முகம் ஏறுகிறது. சேரன்மகாதேவியில் ஏறின ஆச்சி, காருகுறிச்சி வருவதற்குள் எனக்கு எத்தனை பிள்ளை, வீடு சொந்தமா, புருஷன் என்ன செய்கிறார் என்று கேட்டு முடித்துவிட்டாள். மூன்றாவது கேள்விக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

அதனால் ரயிலும் தள்ளுபடி.

23 ஜூன், இரவு 10.10

எனக்குத் தெரிந்த நிஜமான ‘செகண்ட் சான்ஸ்’ ஒன்று உண்டு. எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. மாமா பம்பாய்க்குப் போனவர், தாராவியில் இருக்கிறார் என்று தெரியும், காசு வராது, கடுதாசி வராது. பதினாலு வருஷம். அத்தை வீரவநல்லூரில் மாமியாருடனேயே இருந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் அங்கே போய்ப் பொங்கலிட வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான். பதினாலு வருஷமும் அத்தை பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு மாமாவின் சாஸ்தாவுக்குப் போனாள். அவருடைய தம்பிமார் குடும்பங்கள் எல்லாம் ஜோடியாக நிற்கும். இவள் ஒரு ஓரமாகத் தன் பானைக்குத் தானே சுள்ளி தள்ளுவாள். பானை பொங்கினதும் குலவை போடுவதற்கு மட்டும் மற்ற பொம்பளைகள் பக்கத்தில் வருவார்கள்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் மாமா வந்து தெருவில் நின்றார். கையில் ஒரு தகரப்பெட்டி. அத்தை திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “பஸ்ஸுலயா வந்திய?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு ராத்திரி அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். 1983இல் நடந்தது இது. எனக்கு எட்டு வயது.

இந்த ‘பஸ்ஸுலயா வந்திய’வை எந்த எழுத்தாளரால் எழுத முடியும்?

24 ஜூன், காலை 8.00

நேற்றைய குறிப்புக்கு இத்தனை இதயங்களா! என் கதையின் ஆறு எபிக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு வரவில்லை. கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது.

29 ஜூன், இரவு 9.00

பெரிய திருத்தம் ஒன்று போடுகிறேன். நேற்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் இந்த அத்தை கதையைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள்.

“நீ எந்த சினிமாவுல பார்த்தே?” என்றாள்.

மாமா தானாக வரவில்லை. அத்தையின் மாமியார் செத்துப்போனாள். துஷ்டிக்குத் தந்தி கொடுத்தார்கள். பம்பாயிலிருந்து மெட்ராஸ் வந்து இங்கே வந்து சேர மூன்று நாள் ஆகிவிட்டது. அதற்குள் கொள்ளி வைத்தாகிவிட்டது, தம்பிதான் வைத்தார். மாமா வந்தபோது வீடு நிறைய சனம். அரிசியும் முறமும் நானாகச் சேர்த்துக்கொண்டவை. துஷ்டி வீட்டில் யார் புடைக்கிறது? சம்பந்தக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு வரும்.

அந்தப் பேச்சும் அப்படி நடக்கவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அத்தை அவரிடம் நேரே எப்படிப் பேசுவாள்? பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்து, “பஸ்ஸுலயா வந்தாகன்னு கேளுட்டி” என்றாளாம். அந்தப் பிள்ளை போய்க் கேட்டது. அவர் ஏதோ சொன்னார். பிள்ளை திரும்பி வந்து சொன்னது.

“அந்தப் பிள்ளை யாரு?” என்று கேட்டேன்.

“நீதாம்ட்டி” என்றாள் அம்மா.

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. நாற்பத்திரண்டு வருஷமாக நான் திண்ணையில் நின்று வேடிக்கை பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடினதே நான்தானாம். அவர் என்ன பதில் சொன்னார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அம்மா சொன்னது: “பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்சுது. வந்தவங்க எல்லாம் கிளம்புனாங்க. அவுக கிளம்பல. இவளும் கிளம்புங்கன்னு சொல்லல.”

30 ஜூன், இரவு 11.30

இல்லை, ‘அத்தை அவரை மன்னித்தாளா’ என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மாமா இருந்த கடைசி இருபது வருஷமும் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அத்தை அடுக்களைக்குள் போய்விடுவாள். எதிரே உட்காரமாட்டாள். ஆனால் பங்குனி உத்திரத்துக்கு அவர் சுள்ளி ஒடித்துக் கொடுப்பார். அதை நானே பார்த்திருக்கிறேன். இது நிச்சயம், அம்மாவிடமும் கேட்டுவிட்டேன்.

3 ஜூலை, மாலை 6.40

பேச்சு எங்கெங்கேயோ போகிறது, போகட்டும். ஒருத்தர், “இதெல்லாம் புதுசாக வந்த ஃபேஷன், நம் ஊரில் மறுமணக் கதை யார் எழுதினார்கள்” என்று கேட்டிருக்கிறார்.

அ. மாதவையா எழுதினார். பெருங்குளத்துக்காரர், 1872இல் பிறந்தவர். அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா, இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். ‘சாவித்திரி சரித்திரம்’ என்று 1892இல் விவேகசிந்தாமணி பத்திரிகையில் தொடங்கி நடுவிலேயே நின்றுபோனது. அப்புறம் 1903இல் ‘முத்துமீனாக்ஷி’ என்று புத்தகமாக வந்தது. ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்கிற மாதிரி எழுதியிருப்பார். குழந்தைக் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை, விதவைக்கோலம், கடைசியில் மறுமணம். விதவை மறுமணத்துக்கு 1856லேயே சட்டம் வந்தாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்தில் இதை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்!

நான் இதைப் படித்தது லைப்ரரியில். எனக்கு முன்னால் எடுத்தவர் யாரோ, மறுமணம் வருகிற பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டிருந்தார். வேறு எந்தப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை.

10 ஜூலை, காலை 6.15

ஆனித் தேர் பார்த்து வந்த கால்வலி இன்னும் போகவில்லை. நாவல்களில் தேர்க்கூட்டத்தில் அவன் கையை இவள் பிடித்துவிடுகிறாள், சரி. போன வருஷம் வடம் அறுந்து அறுந்து தேர் நின்றுகொண்டே இருந்ததே, அந்த நேரத்தில் எத்தனை ஜோடி சேர்ந்திருக்கலாம்! எந்தக் கதையிலும் வடம் அறுவதில்லை.

12 ஜூலை, இரவு 10.25

பாயைப் பற்றி ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள். ஆமாம், பத்தமடைப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து கொடுப்பார்கள். கோரையை ஊறவைத்து, சன்னமாகக் கிழித்து, சாயம் போட்டுத் தறியில் நெய்வது. உயர்ந்த ரகப் பாய் சேலை மாதிரி மடியும் என்பார்கள். கல்யாணச் சீரில் அது ஒரு கௌரவம்.

கதைகளில் இந்தப் பாய் பரணிலிருந்து இறங்கும், ஹீரோ தூசி தட்டுவான், இரண்டு பேர் பெயரும் பளிச்சென்று தெரியும், சேர்ந்துவிடுவார்கள். நான் ஒன்று சொல்கிறேன். சேராமல் போனால் அந்தப் பாயை என்ன செய்வது? பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் கடையில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பாயில் நெய்த பெயரைப் பிரித்தால் பாயே பிரிந்துவிடும். இனாமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். யார் பெயர் மேல் யார் படுப்பது?

என் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

13 ஜூலை, காலை 5.50

கேட்கவேண்டாம் என்றால் கேட்கவேண்டாம். தனிச் செய்தியிலும்தான்.

26 ஜூலை, இரவு 11.00

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. வேலை ஜாஸ்தி. ஆனால் விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மூக்குக்கு முன்னால் இருந்ததைத்தான் ஒன்றரை மாதமாக ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

கோர்ட் வராந்தா.

யோசித்துப் பாருங்கள். பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேஸ் கூப்பிடும் வரை உட்கார்ந்துதான் ஆகவேண்டும். வாய்தா போட்டால் அடுத்த மாதமும் வந்து உட்கார வேண்டும். தெரிந்தவர் பார்த்தால்கூட, “பாவம், கேஸு” என்று தலையைத் திருப்பிக்கொண்டு போவார். இந்த ஊரில் வேறு எந்த இடத்துக்கு இந்த மரியாதை உண்டு?

என் கடையிலிருந்து அந்த வராந்தாவின் ஒரு மூலை தெரியும். முதல் தடவை வருகிறவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பெண் பக்கம் அப்பா, சித்தப்பா, ஒரு அண்ணாச்சி. பையன் பக்கம் இரண்டு சிநேகிதர்கள். நடுவில் பத்தடி இடைவெளி. இரண்டாவது வாய்தாவுக்குச் சித்தப்பா வரமாட்டார். மூன்றாவதுக்கு அப்பாவும் “நீயே போயிட்டு வந்துரும்மா” என்று விட்டுவிடுவார். சிநேகிதர்களுக்கு வேலை இருக்கும். அப்புறம் இரண்டு பேர்தான், பெஞ்சின் இரண்டு முனையில்.

மனுவோடு கல்யாணப் பத்திரிகையும் கல்யாண போட்டோவும் வைக்க வேண்டும். அதை ஜெராக்ஸ் எடுப்பது நான்தான். பத்திரிகையின் மூலையில் மஞ்சள் இருக்கும், கண்ணாடியில் ஒட்டாமல் துடைத்துக்கொண்டே எடுப்பேன். மனுவில் எல்லாருக்கும் ஒரே வரிதான்: “கருத்து வேறுபாடு காரணமாகத் தனித்து வாழ்ந்து வருகின்றனர்.” குடிக்கும் அதே வரி, மாமியாருக்கும் அதே வரி, பணத்துக்கும் அதே வரி. ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை அடித்திருக்கிறேன். என்னுடைய மனுவையும் நான்தான் அடித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

சரி, அதை விடுங்கள்.

26 ஜூலை, இரவு 11.40

ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளமெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். பழைய சங்கதி. நாலாவது வாய்தாவோ ஐந்தாவதோ, அந்த ஆள் டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். “ஒண்ணுல சீனி கம்மி” என்றார். அதைக் கொண்டுபோய்ப் பெஞ்சில், நடுவில் இருந்த காலி இடத்தில் வைத்துவிட்டுத் தன் முனையில் போய் உட்கார்ந்தார். கொடுக்கவில்லை, வைத்தார். அந்தப் பெண் ரொம்ப நேரம் தொடவில்லை. ஆடை படிந்துபோச்சு. அப்புறம் விரலால் ஆடையை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாள்.

அவர்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. கதைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆகிவிட்டது. தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தார்கள், இரண்டு பேரும் ஒரே பைக்கில். மூன்று காப்பி. எவ்வளவு என்று அவர் கேட்டார். “இருங்க, சில்லறை என்கிட்ட இருக்கு” என்று அவள் எடுத்துக் கொடுத்தாள்.

27 ஜூலை, காலை 7.00

சேர்ந்தார்களா என்று நாற்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. பைக் ஹைகிரவுண்டு பக்கம் திரும்பியது. அவள் வீடும் அந்தப் பக்கம் இல்லை, அவர் வீடும் அந்தப் பக்கம் இல்லை. எப்படித் தெரியும் என்றால், விலாசத்தை நான்தானே டைப் அடித்தேன்.

வக்கீல் தம்பிக்கு: திரும்பச் சேர வேண்டும் என்றால் அவர்கள் மறுபடியும் கல்யாணம் செய்து, பதிவும் செய்ய வேண்டும், 2009 சட்டப்படி 90 நாளுக்குள். தெரியும். அதற்கும் ஃபாரம் இருக்கிறது, அதையும் நான் நிரப்பித் தருவேன். இதுவரை அப்படி யாரும் வரவில்லை. இன்னொரு விஷயம், 2017க்குப் பிறகு காத்திருப்பைத் தள்ளுபடி செய்துவிட்டால் இத்தனை வாய்தா எங்கே, இத்தனை டீ எங்கே? என் கதையை 2014இல் வைத்துவிட்டேன்.

3 ஆகஸ்ட், இரவு 9.30

ஏழாவது எபி போட்டாச்சு. முழுக்க வராந்தாதான். மழை இல்லை. வெயில், டவாலி பெயர் கூப்பிடுகிற சத்தம், ஒரு டீ. அவன் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறான், அதையும் பக்கத்தில் விளையாடுகிற ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறான். பிள்ளைக்கு எட்டு வயது.

அவள் என்ன பதில் சொல்லி அனுப்பினாள் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன். நிஜமாகவே எனக்கு ஞாபகம் வரவில்லை.

4 ஆகஸ்ட், காலை 6.10

“யூடி (அப்டேட்) சின்னதாக இருக்கு சிஸ், அடுத்ததில் ரெண்டு பேரையும் குற்றாலம் கூட்டிட்டுப் போங்க, சீசன்தானே” என்று முதல் கமெண்ட் வந்திருக்கிறது.

சீசன்தான். ஆனால் கதையில் அது ஏப்ரல். அருவியில் சொட்டுத் தண்ணி இருக்காது.